மேசையைச் சுற்றிப் பிறந்த கருவி



சிந்தசைசர் என்றதும் நம் ஊரில் பெரும்பாலோருக்கு நினைவு வருவது, மெல்லிசைக் கச்சேரி மேடையில் ஒருவர் நின்றபடி வாசிக்கும் கீபோர்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் புல்லாங்குழல், இன்னொன்றில் வயலின் கூட்டம். நான் இன்று பேச வந்திருப்பது அதற்கு மூத்த தலைமுறையைச் சேர்ந்த மாடுலர் சிந்தசைசரைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், அதை மனிதர்கள் எப்படிக் கற்றுக்கொண்டார்கள், இன்று எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதைப் பற்றி.

கருவி எப்படியிருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு சட்டத்தில் வரிசையாகத் திருகி மாட்டிய பலகைகள். ஒவ்வொரு பலகையிலும் சில குமிழ்கள், சில துளைகள். ஒரு பலகை ஒலியலையை உண்டாக்கும், அது ஆசிலேட்டர். இன்னொன்று அந்த அலையின் மேல் அதிர்வுகளைச் சீவி நாதத்தை மென்மையாக்கும், அது ஃபில்டர். மற்றொன்று ஒலியைக் கூட்டும், குறைக்கும். இந்தப் பலகைகளைத்தான் மாட்யூல் என்கிறோம். வழக்கமாக இவற்றுக்கிடையே எந்த இணைப்பும் போட்டுத் தரப்படுவதில்லை. மின்சாரம் கொடுத்து எல்லாக் குமிழையும் திருகிப் பார்த்தாலும் பெட்டி வாய் திறக்காது. எந்தத் துளையிலிருந்து எந்தத் துளைக்கு ஒயர் போக வேண்டும் என்று வாசிப்பவர் முடிவு செய்த பிறகே ஒலி பிறக்கும்.

அடுத்துச் சொல்வதுதான் இதன் உயிர். குமிழைக் கையால் திருகுவதற்குப் பதில் மின்னழுத்தத்தைக் கொண்டு திருகலாம். மெதுவாக ஏறி இறங்கும் ஓர் அலையை ஆசிலேட்டரின் சுருதித் துளையில் செருகினால் சுருதி ஏறி இறங்கும். அதே ஒயரைப் பிடுங்கி ஃபில்டரில் செருகினால் நாதம் திறந்து மூடும். ஒலியாக வெளிவருகிற மின்சாரமும் கட்டளையாகப் போகிற மின்சாரமும் ஒரே இனம். ஒன்றின் இடத்தில் இன்னொன்றைச் செருக எந்தத் தடையும் இல்லை.

இவ்வளவு வழிகள் திறந்து கிடக்கிற ஒன்றைத் தனியறையில் உட்கார்ந்து கற்பது கடினம். எங்கே தொடங்குவது என்றே தெரியாது. நான் சொல்ல வந்தது இதுதான்: இந்தக் கருவி தோன்றிய நாள் முதல், ஆட்கள் கூடி உட்கார்ந்த மேசைகளில்தான் வளர்ந்திருக்கிறது. மேசை கூடாத இடத்தில் கருவி இருந்தும் இசை நின்றுபோயிருக்கிறது. சில ஊர்களுக்கு உங்களை அழைத்துப் போய் இதைக் காட்டுகிறேன்.

முதல் ஊர், நியூயார்க் மாநிலத்தில் உள்ள ட்ரூமன்ஸ்பர்க். சின்ன ஊர். அங்கே ராபர்ட் மோக் என்ற இளைஞர் தெரமின் செய்து விற்றுக்கொண்டிருந்தார். கையை அருகே கொண்டுபோனாலே சுருதி மாறுகிற பழைய மின்னிசைக் கருவி அது. முழுக் கருவியாக மட்டும் அவர் விற்கவில்லை. பாகங்களைப் பொட்டலமாகக் கட்டி, வாங்குகிறவரே பற்றவைத்துக்கொள்ளும்படியும் விற்றார். 1961இல் ஒரு மின்னணு இதழில் அதன் செய்முறையை எழுதினார். ஆயிரம் பொட்டலம் அளவுக்கு விற்றது. அடுத்தவர் கையாலும் கருவி செய்யப்பட வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் தொடக்கத்திலேயே இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

1964 கோடையில் ஹெர்ப் டாய்ச் என்ற இசையமைப்பாளர் அவர் பட்டறைக்கு வந்து தங்கினார். மோக் பொறியாளர், டாய்ச் இசைக்காரர். மோக் ஆசிலேட்டரை இயக்கிக் காட்டினார். ஒலி வந்தது, ஆனால் நிற்காமல் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. இசையில் ஒரு ஸ்வரத்துக்குத் தொடக்கமும் முடிவும் வேண்டும் என்றார் டாய்ச். வீணைத் தந்தியைச் சுண்டினால் சட்டென்று எழுந்து மெல்ல அடங்குகிறது. நாகஸ்வரத்தில் ஊதும்வரை நிற்கிறது. அந்த எழுச்சியும் அடக்கமும் எங்கே என்பதுதான் அவர் கேள்வி. மோக் அவரை எதிரே இருந்த ஹார்டுவேர் கடைக்கு அனுப்பி, வீட்டு அழைப்பு மணிக்கான பொத்தான் ஒன்று வாங்கிவரச் சொன்னார். விலை 35 சென்ட். அந்தப் பொத்தானை, மின்சாரத்தைச் சேர்த்து வைத்து வடியவிடும் கெபாசிட்டர் ஒன்றோடு இணைத்து, அழுத்தினால் மின்னழுத்தம் எழவும் விட்டால் வடியவும் செய்தார். இன்று ஏறக்குறைய எல்லாச் சிந்தசைசர்களிலும் இருக்கிற என்வலப் என்ற உறுப்பு அப்படிப் பிறந்தது.

அதற்குப் பிறகு வந்தவர்களும் கேட்டுக் கேட்டுத்தான் கருவியை வளர்த்தார்கள். என்வலப்பில் எழுச்சி, முதல் இறக்கம், நிலைப்பு, அடக்கம் என்ற நான்கு பகுதிகள் வேண்டும் என்று கேட்டவர் கொலம்பியா-பிரின்ஸ்டன் மின்னிசைக் கூடத்தின் விளாடிமிர் உஸாச்செவ்ஸ்கி. மின்னழுத்தத்தால் இயங்கும் ஃபில்டர் வேண்டும் என்று கேட்டவர் டொரண்டோ பல்கலைக்கழகத்தின் குஸ்தாவ் சியமாகா. 1965 கோடையில் மோக் இசையமைப்பாளர்களைத் தன் ஊருக்கே அழைத்துப் பயிலரங்கு நடத்தினார். பகலில் அவர்கள் ஒயர் செருகினார்கள். எங்கே இடறினார்கள் என்பதை அவர் பார்த்துக்கொண்டார். மோக் என்ற ஒருவர் சிந்தசைசரைக் கண்டுபிடித்தார் என்று எழுதுகிறார்கள். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. கேட்கத் தெரிந்தவர்களும் செய்யத் தெரிந்தவரும் எதிரெதிரே உட்கார்ந்ததால் வந்த கருவி இது.

அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் மேற்குக் கரையிலும் இதேதான் நடந்தது. சான்பிரான்சிஸ்கோவில் மோர்ட்டன் சபோட்னிக், ரமோன் செண்டர் ஆகிய இரு இசையமைப்பாளர்கள் 1962இல் டேப் மியூசிக் சென்டர் என்ற கூட்டு நிலையம் தொடங்கியிருந்தார்கள். ஒலிநாடாவை வெட்டி ஒட்டி இசை செய்வதில் அலுத்துப்போய், தங்களுக்கு வேண்டிய கருவியை டான் புக்லா என்பவரிடம் விவரித்தார்கள். ராக்ஃபெல்லர் அறக்கட்டளை தந்த 500 டாலரில் அது உருவானது. பியானோவின் கறுப்பு வெள்ளைக் கட்டைகளைப் புக்லா வைக்கவில்லை. புதிய ஒலிக்குப் பழைய விரல் பழக்கம் எதற்கு என்பது அவர் எண்ணம். தொட்டால் மின்னழுத்தம் தருகிற தகடுகளை வைத்தார். 1966இல் அந்த நிலையம் மில்ஸ் கல்லூரிக்குப் போனது. முதல் இயக்குநர் பாலின் ஒலிவெரோஸ். பிற்பாடு மில்ஸில் மாணவரல்லாத ஊர்க்காரர்களும் வந்து கூடத்தைப் பயன்படுத்த வழி செய்தார்கள். கல்லூரிக் கூடத்தின் கதவைத் தெருவுக்குத் திறந்து வைப்பது சின்னக் காரியமில்லை.

இனி எனக்கு மிகவும் பிடித்த ஊர். லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் கால்ஆர்ட்ஸ் என்ற கலைக் கல்லூரி. 1970களின் தொடக்கம். அங்கே புக்லா கருவிகள் இருந்தன. ஆனால் அவை விலை உயர்ந்தவை, எண்ணிக்கையில் குறைவு. மாணவர்கள் தங்கள் முறைக்காகக் காத்திருக்க வேண்டும். சொந்தமாக வாங்குவது கனவு. அங்கே ஆசிரியராக இருந்த செர்ஜ் செரப்னின், ராண்டி கோஹன், ரிச் கோல்ட் என்ற இருவரோடு சேர்ந்து, நாமே செய்துகொண்டால் என்ன என்று இறங்கினார். பட்டறை செர்ஜின் வீடுதான். பாகங்களுக்குரிய பணத்தை ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டார்கள், மொத்தமாக வாங்கினார்கள், வரிசையாக உட்கார்ந்து பற்றவைத்தார்கள். உழைத்தவர்களுக்கு முடிவில் சொந்தக் கருவி கிடைத்தது. முகப்பில் அச்சடித்து உலோகத் தகடு போட வசதியில்லாததால், வரைந்த தாளைப் பலகையின் மேல் ஒட்டினார்கள். அந்த முதல் கருவிகளுக்கு இன்றும் பேப்பர்ஃபேஸ் என்றே பெயர்.

அந்தச் சூழல் கருவியின் வடிவத்திலும் பதிந்தது. ஏழை மாணவனுக்கு இருபது பலகை வாங்க முடியாது. ஆகவே ஒரே பலகை பல வேலை செய்ய வேண்டும். செர்ஜ் வடிவமைத்த ஒரு பலகையைச் சொல்கிறேன். உள்ளே வருகிற மின்னழுத்தம் எவ்வளவு வேகத்தில் ஏற வேண்டும், எவ்வளவு வேகத்தில் இறங்க வேண்டும் என்பதை இரண்டு குமிழ்களால் தீர்மானிப்பது மட்டுமே அதன் வேலை. ஆனால் அதற்கு ஒரு துடிப்பைக் கொடுத்தால் அது என்வலப். அது முடிந்ததும் தன்னைத் தானே மறுபடி தூண்டும்படி ஓர் ஒயரைத் திருப்பிச் செருகினால், மெதுவான அலை. வேகத்தை ஏற்றினால் காதுக்குக் கேட்கிற ஆசிலேட்டர். ஒலியையே உள்ளே விட்டால் ஒரு வகை ஃபில்டர். எது எதுவாக வேலை செய்யும் என்பதை ஒயர்தான் முடிவு செய்கிறது. இன்று மேக் நாய்ஸ் நிறுவனம் விற்கிற, உலகெங்கும் கைக்குக் கை போகிற மேத்ஸ் என்ற மாட்யூல் அந்தப் பலகையின் வழி வந்தது. வீட்டில் கூடி உட்கார்ந்து செய்தவர்களின் தேவை, ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு முகப்புப் பலகையில் தெரிகிறது.

சரி, இப்படிப்பட்ட பட்டறையில் ஒருவர் உண்மையில் என்ன கற்கிறார்? அதைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். நான் நடத்துகிற பட்டறைகளில் முதல் நாள் விலை உயர்ந்த கருவி எதையும் மேசையில் வைப்பதில்லை. 40106 என்ற எண் கொண்ட ஒரு ஐ.சி., ஒரு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர், 9 வோல்ட் பேட்டரி, பற்றவைக்காமலே பாகங்களைச் செருகக்கூடிய பிரெட்போர்டு, ஒலி கேட்க ஒரு சிறிய ஆம்ப்ளிஃபையர். எல்லாமே சென்னை ரிச்சி தெருவில் தேடி எடுக்கக்கூடிய சரக்கு. நிக்கோலஸ் காலின்ஸ் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் இந்த வகைப் பட்டறைகளைப் பல நாடுகளில் நடத்தி, 2006இல் கையால் செய்யும் மின்னிசை பற்றி ஒரு நூலே வெளியிட்டார். அவரிடமிருந்து நாங்கள் நிறைய எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த ஐ.சி.க்குப் பதினான்கு கால்கள். உள்ளே ஒரே மாதிரியான ஆறு சுற்றுகள். பதினான்காவது காலுக்குப் பேட்டரியின் பாசிட்டிவ், ஏழாவதற்கு நெகட்டிவ். முதல் காலிலிருந்து நெகட்டிவுக்கு 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். முதல் காலுக்கும் இரண்டாவது காலுக்கும் இடையே 100 கிலோஓம் ரெசிஸ்டர். பழுப்பு, கறுப்பு, மஞ்சள் கோடுகளைப் பார்த்து எடுக்க வேண்டும். அவ்வளவுதான். ரெசிஸ்டர் வழியாகக் கெபாசிட்டர் நிரம்புகிறது. ஓர் அளவைத் தொட்டதும் சுற்று தலைகீழாக மாறி அதை வடியவிடுகிறது. வேறோர் அளவுக்கு இறங்கியதும் மறுபடி நிரப்புகிறது. தொட்டித் தண்ணீரின் மட்டத்தைப் பார்த்து மோட்டாரைப் போட்டு நிறுத்துகிற கருவி செய்கிற வேலைதான். இரண்டாவது காலை ஆம்ப்ளிஃபையரில் கொடுத்தால் சுமார் நூறு ஹெர்ட்ஸில் முரட்டுத்தனமான ஓர் ஆதார நாதம்.

அந்த முதல் ஒலி வரும்போது முகங்கள் மாறுவதை நீங்கள் பார்க்க வேண்டும். ஆனால் பாடம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கெபாசிட்டரைப் பிடுங்கிவிட்டு நூறு மடங்கு பெரியதை, 10 மைக்ரோஃபாரட்டைப் போடச் சொல்வேன். நாதம் போய், நொடிக்கு ஒன்று என்கிற கணக்கில் டக், டக் என்று தட்டுகிறது. அதே சுற்று, அதே ரெசிஸ்டர். சுருதியைத் தாய் என்றும் லயத்தைத் தந்தை என்றும் தனித்தனியாகக் கேட்டுப் பழகிய நம் காது, இரண்டும் ஒரே அசைவின் இரு வேகங்கள் என்பதைப் பேட்டரியும் ஒயருமாக நேரில் கேட்கிறது. புத்தகத்தில் ஒரு வரியில் சொல்லிவிடலாம். கேட்டவர் மறப்பதில்லை.

அடுத்து ரெசிஸ்டருக்குப் பதில் எல்.டி.ஆர்., அதாவது வெளிச்சம் பட்டால் தடை குறைகிற பாகம். கையால் நிழல் கொடுத்தால் சுருதி இறங்கும், விலக்கினால் ஏறும். இங்கேதான் மேசை வேலை செய்யத் தொடங்குகிறது. ஒருவர் சுற்று மெதுவாகத் தட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் சுற்று பாடிக்கொண்டிருக்கிறது. முதல் சுற்றில் ஒரு எல்.இ.டி.யைச் சேர்த்து, அது மினுங்குவதை இரண்டாமவரின் எல்.டி.ஆர்.மேல் காட்டச் சொல்வேன். உடனே முதலாமவரின் தாளத்துக்கு இரண்டாமவரின் சுருதி ஆடும். ஒரு மாட்யூல் இன்னொன்றைக் கட்டுப்படுத்துவது என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. அந்த இரண்டு பாகங்களையும் முகத்துக்கு முகம் வைத்துக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் சுற்றிவிட்டால் அது வாக்ட்ரோல். புக்லாவின் கருவிகளில் தட்டிய மரம்போல ஒலி அடங்குவதற்குக் காரணம் அந்தப் பாகம்தான். வெளிச்சம் சட்டென்று அணைந்தாலும் எல்.டி.ஆர். தன் பழைய தடைக்கு மெதுவாகவே திரும்புகிறது. அந்தத் தாமதம் ஒலியின் வாலாகக் கேட்கிறது.

இதன் பிறகுதான் முறையான கருவிக்குப் போகிறோம். அங்கே ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி ஏறும் என்பது பெரும்பாலானோர் ஏற்றுக்கொண்ட அளவு. ஆகவே அரைச்சுருதிக்கு வோல்ட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு. இந்தக் கணக்கைத் துல்லியமாகச் செய்யும் டிரான்சிஸ்டர் இணை, சூடு பட்டால் தடம் மாறும். முடித்த ஆசிலேட்டரில் அந்த இணையின்மேல் விரலை வைத்தால் சுருதி நகர்வதைக் கேட்கலாம். பழைய சிந்தசைசர்கள் மேடையில் விளக்குச் சூட்டில் சுருதி விலகியதன் காரணம் விரல் நுனியிலேயே விளங்கிவிடுகிறது.

இவையெல்லாம் இணையக் காணொளியில் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றன, நல்லவையும் இருக்கின்றன. ஆனால் காணொளியில் வருகிறவர் தன் காதால் கேட்டதைச் சொல்கிறார். உங்கள் காது என்ன கேட்டது என்று அவர் கேட்பதில்லை. ஒரு பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். வயலின் கற்பிக்கும் ஓர் அம்மாவும் செல்போன் பழுது பார்க்கும் ஓர் இளைஞரும் ஒரே கருவியில் உட்கார்ந்திருந்தார்கள். இளைஞர் மெதுவான அலை ஒன்றை ஆசிலேட்டரில் செருகிவிட்டு, "அக்கா, கமகம் வந்துருச்சு பாருங்க" என்றார். அந்த அம்மா கேட்டுவிட்டு, "இல்ல தம்பி, இது நடுங்குது. கம்பிதம் இப்படி இருக்காது" என்றார். "அப்ப எப்படி இருக்கணும், பாடிக் காட்டுங்க" என்றார் இளைஞர். கம்பிதம் என்பது ஸ்வரத்தை அசைத்துப் பாடும் ஒரு வகைக் கமகம். அந்த அம்மா தோடி ராகத்தின் காந்தாரத்தைப் பாடினார்.

அதன் பிறகு அந்த இருவரும் செய்தது எனக்கு எந்தப் பாடத்திட்டத்தையும்விட முக்கியம். கருவியின் அலை ஸ்வரத்தை நடுவில் வைத்து மேலும் கீழும் ஒரே அளவில் ஆடியது. அவர் பாடிய காந்தாரமோ ரிஷபத்தின் பக்கம் நின்று மத்தியமத்தை நோக்கி எழுந்து இறங்கியது. ஆகவே அலையோடு ஒரு நிலையான மின்னழுத்தத்தைக் கூட்டி, அசைவு கீழிருந்து மேல்நோக்கி மட்டும் நிகழும்படி செய்தார் இளைஞர். "ஏறுறது வேகம், எறங்குறது கொஞ்சம் நெதானம்" என்றார் அவர். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் தனித்தனி வேகம் தருகிற மாட்யூலைத் தேடி எடுத்தார் இளைஞர். நான் முன்னே சொன்ன செர்ஜ் பலகையின் வழி வந்ததுதான் அதுவும். "எல்லா அசைவும் ஒரே அளவா இருக்கே" என்றார் அந்த அம்மா. அசைவின் அளவை ஒரு குமிழில் கொண்டுவந்து அவர் கையிலேயே கொடுத்தார் இளைஞர். வந்தது தோடி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கம்பிதம் எதனால் ஆனது என்று அந்த இளைஞருக்கும், அதைப் பகுத்துச் சொல்ல முடியும் என்று அந்த ஆசிரியைக்கும் தெரிந்தது. கட்டைகளுக்கு இடையே உள்ள இடைவெளி மின்னழுத்தத்துக்குக் கிடையாது. அது வழுக்கிக்கொண்டே போகக்கூடியது. நம் இசைக்கு இந்தக் கருவி அந்நியமில்லை என்று நான் நம்புவதற்கு அந்தத் தொடர்ச்சிதான் காரணம்.

இந்தியாவுக்கு இந்தக் கருவி வந்த கதையையும் சொல்ல வேண்டும். அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் ஒரு மின்னிசைக் கூடம் அமைந்தது. நடுநாயகமாக ஒரு மோக் மாடுலர். ட்ரூமன்ஸ்பர்க்கில் அழைப்பு மணிப் பொத்தான் வாங்கிய கோடைக்குப் பிறகு ஐந்தே ஆண்டுகள். இதற்குப் பின்னால் இருந்தவர் கீதா சாராபாய். பக்கவாஜ் வாசித்தவர்; 1946இல் நியூயார்க்கில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு இந்திய இசையைக் கற்றுக்கொடுத்து, அவரிடம் மேற்கத்திய இசையைக் கற்றுக்கொண்டவர். கூடத்தை அமைத்துத் தர வந்தவர் கேஜின் நெருங்கிய சகாவான டேவிட் டியூடர். கீதா சாராபாய், அதுல் தேசாய், ஐ.எஸ். மாத்தூர், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கே இசை செய்தார்கள். பதிவுகள் 1969 முதல் 1972 வரையிலானவை. பிறகு அமைதி. ஒலிநாடாக்கள் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் பல பத்தாண்டுகள் கிடந்தன. பால் பர்காஸ் என்ற பிரிட்டிஷ் கலைஞர் அவற்றைத் தேடி எடுத்து, 2020இல் பிபிசி வானொலியில் ஒரு நிகழ்ச்சி செய்தார். 2023இல் அவை இசைத்தொகுப்பாக வெளிவந்தன. கேட்டுப் பாருங்கள். யாரையும் நகல் செய்யாத, துணிச்சலான தேடல் அவற்றில் இருக்கிறது.

கருவி இருந்தது, ஆற்றல் மிக்க மனிதர்கள் இருந்தார்கள். ஏன் தொடரவில்லை? என் கருத்தைச் சொல்கிறேன். அந்தக் கூடம் ஒரு நிறுவனத்தின் உள்ளே, மிகச் சிறிய வட்டத்தின் கையில் இருந்தது. கால்ஆர்ட்ஸில் நடந்ததுபோல அந்தக் கருவியைத் திறந்து பார்த்து இன்னொன்றைச் செய்துகொள்ளும் கூட்டம் அதைச் சுற்றி உருவாகவில்லை. மில்ஸில்போல ஊரார் உள்ளே வரவில்லை. அகமதாபாத்திலேயே வானொலிப் பெட்டி பழுது பார்த்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! சாரங்கி வாசித்தவர்கள் எத்தனை பேர்! அவர்களை ஒரே மேசைக்கு அழைத்திருந்தால் 1975இல் இந்தியாவில் செய்த சிந்தசைசர் ஒன்றைப் பற்றி நான் இப்போது பேசிக்கொண்டிருப்பேன் என்று உறுதியாக நம்புகிறேன். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இன்றைய நிலைமைக்கு வருகிறேன். 1990களின் நடுவில் மியூனிக் அருகே டீட்டர் டோப்ஃபர் என்பவர் ஏ-100 என்ற மாடுலர் வரிசையைக் கொண்டுவந்தார். பலகையின் உயரம் 128.5 மில்லிமீட்டர், 12 வோல்ட் மின்சாரம், 3.5 மில்லிமீட்டர் ஜாக். அளவுகளை வெளியிட்டதால் மற்றவர்களும் அதே அளவில் செய்யத் தொடங்கினார்கள். யூரோராக் என்று பெயர் நிலைத்தது. இப்போது பல நாடுகளில் செய்யப்பட்ட பல ஆயிரம் மாட்யூல்கள் ஒரே சட்டத்தில் பொருந்தும். இது நன்மை. ஆனால் ஒவ்வொன்றும் விலை உயர்ந்தது. வாங்கி வாங்கி அடுக்குகிறவர்கள் உண்டு. ஒயர் செருகும் நேரத்தைவிடக் கடைப் பட்டியல் பார்க்கும் நேரம் அவர்களுக்கு அதிகமாகிவிடுகிறது. பட்டறைகள் அதற்கு மாற்று. பார்சிலோனாவின் பெஃபாகோ குழு பட்டறைகளிலிருந்தே பிறந்தது. வருகிறவர்கள் அன்றைக்கே உட்கார்ந்து ஒரு மாட்யூலைப் பற்றவைத்து எடுத்துப்போகிறார்கள். சுற்று வரைபடங்கள் எல்லாருக்கும் திறந்தே இருக்கின்றன. பிரான்சின் எமிலி ஜில்லே தன் ம்யூட்டபிள் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் மாட்யூல்களின் வரைபடத்தையும் நிரலையும் வெளியிட்டார். 2022இல் அவர் நிறுவனத்தை மூடிய பிறகும் மற்றவர்கள் அவற்றைச் செய்துகொண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தின் டாம் விட்வெல் செய்த ட்யூரிங் மெஷின் என்ற மாட்யூல், ஒரு ஸ்வரக்கோவையைத் தானே எழுப்பி, ஒரே குமிழின் நிலையைப் பொறுத்து அதைத் திரும்பத் திரும்பச் சொல்லும், அல்லது மெல்ல மாற்றிக்கொண்டே போகும். வரைபடம் திறந்திருப்பதால் சொந்தமாகப் பற்றவைத்தவர்கள் ஏராளம். அவரே 2024இல், கார்ன்வாலில் நடக்கும் டிஸ்கி என்ற இசைப் பட்டறைக்காக, சிறு பெட்டிக்குள் அடங்கும் முழுக் கருவி ஒன்றை உருவாக்கினார். பட்டறைக்கென்றே கருவி பிறப்பது மறுபடி நடந்திருக்கிறது.

அமெரிக்காவின் போர்ட்லாந்தில் ஒரு சிந்த் லைப்ரரி இருக்கிறது. நூலகத்தில் போய்ப் படிப்பதுபோல உறுப்பினர்கள் அங்கே போய்க் கருவியில் பழகலாம். பெண்கள் தயங்காமல் வரக்கூடிய இடமாக அதை அமைத்திருக்கிறார்கள். இது தேவையான முயற்சி. இசையமைப்பாளர் சுசான் சியானி புக்லாவின் பட்டறையில் பற்றவைக்கும் வேலை பார்த்து அந்தக் கருவியைக் கற்றவர். 1976இல் தன் ஒயரமைப்பு முறைகளை எழுதித் தந்த அறிக்கையை இன்றும் புக்லா பயில்வோர் தேடிப் படிக்கிறார்கள். பிரெஞ்சு இசையமைப்பாளர் எலியான் ரதிக் ஏஆர்பி 2500 என்ற ஒரே மாடுலரில் பல்லாண்டுகள் உழைத்தார். முன்னோடிகளில் பெண்கள் இத்தனை பேர் இருந்தும், கருவிக் கடைகளில் பெண்களிடம் இது உங்களுக்குப் புரியுமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நம் ஊரில் இதைத் தொடங்க எவ்வளவு பணம் வேண்டும் என்று கேட்கிறார்கள். முதல் கூட்டத்துக்கு நான் சொன்ன ஐ.சி.யும் பேட்டரியும் போதும். இரண்டாவது கட்டத்துக்கு விசிவி ராக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, 2017இல் வந்தது. கணினித் திரையிலேயே மாட்யூலை அடுக்கி ஒயர் இழுக்கலாம். ஒரு கணினிக்கு இருவர் வீதம் உட்கார வையுங்கள். ஒருவர் ஒயர் இழுக்கட்டும், மற்றவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டதைச் சொல்லட்டும், பிறகு இடம் மாறட்டும். முடிந்தால் எல்லாரும் சேர்ந்து ஒரு சிறு யூரோராக் பெட்டி வாங்கிப் பொதுவில் வையுங்கள். தனி ஒருவர் பெயரில் வேண்டாம். இசை தெரிந்தவர் பாதி, மின்னணுவியல் தெரிந்தவர் பாதி என்று ஆள் சேர்ப்பது இன்றியமையாதது. ஒரே இனமாகக் கூடினால், இசைக்காரர்கள் கருவியை அணைத்து வைத்துவிட்டுப் பேசுவார்கள். மின்னணுவியல்காரர்கள் ஆசிலாஸ்கோப் திரையில் அலையைப் பார்த்துவிட்டுக் கேட்க மறப்பார்கள்.

மாடுலரில் செய்த அமைப்பைச் சேமித்து வைக்க முடியாது. ஒயரைப் பிடுங்கினால் போயிற்று. ஆகவே ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் கால் மணி நேரம் ஒதுக்கி, எந்தத் துளை எந்தத் துளைக்குப் போயிற்று, குமிழ் எந்த நிலையில் நின்றது என்று தாளில் வரையச் சொல்கிறேன். பெயரும் தேதியும் போட்டு ஒரே கோப்பில் சேர்க்கிறோம். அடுத்த கூட்டத்தில் ஒவ்வொருவரும் வேறொருவர் வரைந்த தாளை எடுத்து, அதன்படி ஒயர் செருகித் தொடங்க வேண்டும். வரைந்தவர் பக்கத்திலேயே இருப்பார், கேட்டுக்கொள்ளலாம்.

கூடத்தின் பின்பக்கம் நீள மேசையில் ஆறு பிரெட்போர்டு வைத்திருக்கிறேன். பேட்டரி போட்டாயிற்று, பாகங்கள் கிண்ணத்தில் இருக்கின்றன. கேள்விகளை இங்கே உட்கார்ந்து கேட்க வேண்டாம், அங்கே வாருங்கள். ஒரு பிரெட்போர்டுக்கு இரண்டு பேர். பக்கத்தில் முன்பின் தெரியாதவர் உட்கார்ந்தால் நல்லது.